முதல் பந்தி யாருக்கு?

மருத்துவ மேற்படிப்பு இடங்களைப் பற்றிப் போன இதழில் இரண்டு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி டாக்டர்களுடையவை. அவற்றைப் படித்துச் சொல்ல எதிர் மெடிக்கல் ஷாப் தம்பியைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. இந்த இதழ் முழுக்க அந்தக் கடிதங்களுக்கே.

கே: ‘நிறுவன முன்னுரிமை’ என்கிறார்களே, அப்படி என்றால் என்ன? எனக்குப் புரியும்படி சொல்லுங்கள்.
(இல்லத்தரசி, தஞ்சாவூர்)

“எங்க காலேஜ்ல படிச்ச பிள்ளைக்கு எங்க ஆஸ்பத்திரியில முதல் பந்தி.” இதையே அரசாங்கத் தமிழில் சொன்னால் நிறுவன முன்னுரிமை. ஒரு கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு அதே கல்லூரியின் எம்.டி., எம்.எஸ். இடங்களில் ஒரு பகுதியை எடுத்துவைத்துவிடுவார்கள். மிச்சத்துக்குத்தான் ஊர் உலகம் போட்டி போட வேண்டும்.

கே: படிப்புக்கான இடத்தைப் போய் ‘பதவி’ என்று எழுதியிருந்தீர்கள். சீட் வேறு, போஸ்ட் வேறு. இதுகூடத் தெரியாதா?
(ஓய்வுபெற்ற தாசில்தார், பெரம்பலூர்)

ஐயா கோப்பைப் பார்த்துச் சொல்கிறார். நான் வார்டைப் பார்த்து எழுதினேன். எந்தப் பெரிய அரசு ஆஸ்பத்திரிக்கும் ராத்திரி இரண்டு மணிக்குப் போய் நின்று பாருங்கள். பைக்கில் போய் லாரியில் மோதியவரை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வருவார்கள். நரம்பு தேடி ஊசி ஏற்றுவது, ரத்தம் எடுத்துக் குழாயில் பெயர் ஒட்டுவது, ரத்த வங்கியில் சண்டை போட்டு இரண்டு பை வாங்குவது, சி.டி. ஸ்கேன் அறை வரைக்கும் மூச்சுப்பையை அழுத்திக்கொண்டே கூட நடப்பது, வெளியே அழுதுகொண்டிருக்கும் மனைவியிடம் நிதானமாகப் பேசிக் கையெழுத்து வாங்குவது, பிறகு உட்கார்ந்து கேஸ் ஷீட் எழுதுவது, எல்லாம் ஒரே ஆள். முந்தின நாள் காலையில் வந்தவர், இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. கல்லூரிப் பதிவேட்டில் அவர் முதலாண்டு பி.ஜி. மாணவர். ஆஸ்பத்திரி டியூட்டி பட்டியலில் ஜூனியர் ரெசிடென்ட். காலையில் பேராசிரியர் ரவுண்ட்ஸ் வரும்போது அந்த பைக்காரர் கண் திறந்து பார்த்தால் அது இவருடைய ராத்திரி வேலை.

அதனால்தான் அந்த ‘சீட்’ யாருக்கு என்பதை மாணவர்களின் தகராறாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. பைக்காரருக்கும் அதில் பங்கு இருக்கிறது.

கே: முப்பது வருஷம் வார்டில் இருந்தவள் சொல்கிறேன். பழகிய பிள்ளைகள் இருந்தால்தான் வேலை ஓடும். வெளியிலிருந்து வருகிறவர்களுக்குப் பஞ்சு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. முன்னுரிமை கொடுத்தால் என்ன தப்பு?
(ஓய்வுபெற்ற தலைமை நர்ஸ், மதுரை)

சிஸ்டர் சொல்வதில் சாரம் இருக்கிறது. எந்த லிஃப்ட் பாதியில் நிற்கும், எந்த லேப் எத்தனை மணிக்கு ரிப்போர்ட் தரும், எந்தப் பேராசிரியருக்கு ராத்திரி போன் போடலாம், யாருக்குப் போட்டால் மறுநாள் தொலைந்தோம் என்பதெல்லாம் சொந்தக் கல்லூரிப் பிள்ளைக்கு அத்துப்படி. நாலரை வருடப் படிப்பு, ஒரு வருட ஹவுஸ் சர்ஜன் வேலை, ஆக ஐந்தரை வருடம் உங்கள் கண்ணெதிரே வளர்ந்தவர். கூப்பிட்டால் வருவாரா, தப்பு செய்தால் ஒப்புக்கொள்வாரா, நோயாளியைத் தொட்டுப் பார்ப்பாரா, அல்லது வாசலில் நின்றே மருந்து எழுதுவாரா என்பது எந்த நுழைவுத் தேர்விலும் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

ஆனால் சிஸ்டர், உங்களுக்குத் தெரிந்ததை அந்த விதி கேட்பதே இல்லையே! நீங்கள் ‘தங்கமான பிள்ளை’ என்பவரும், நைட் டியூட்டியில் தேடினால் கேன்டீனில் மட்டுமே கிடைப்பவரும் ஒரே கல்லூரிச் சான்றிதழ்தான் வைத்திருக்கிறார்கள். விதி அந்தச் சான்றிதழைப் பார்த்ததும் இருவரையும் ஒரே இலையில் உட்கார வைத்துவிடுகிறது. பழகிய பிள்ளை வேண்டும் என்றால், பழக்கத்தில் கண்டதை எழுதி மதிப்பெண் போடுங்கள். பஞ்சு இருக்கும் இடத்தை வெளியூர்ப் பிள்ளைக்கு நீங்களே ஒரு வாரத்தில் கற்றுக்கொடுத்துவிடுவீர்கள்.

கே: இந்த வழக்கம் எப்போது கோர்ட்டுக்குப் போனது?
(சட்டக் கல்லூரி மாணவர், கோவை)

பல வழக்குகள் உண்டு. எனக்குப் பிடித்தது 1980-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஜகதீஷ் சரண் வழக்கு. அதில் நம் ஊர் வாசனையும் இருக்கிறது. வழக்குப் போட்டவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.பி.பி.எஸ். முடித்தவர். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தோல் மருத்துவம் மேற்படிப்பு படிக்கக் கேட்டார். டெல்லி தன் இடங்களில் 70 சதவீதத்தைத் தன் பட்டதாரிகளுக்கே ஒதுக்கியிருந்தது. ‘மற்ற பல்கலைக்கழகங்கள் எங்கள் பிள்ளைகளுக்குக் கதவைச் சாத்துகின்றன, நாங்களும் சாத்துகிறோம்’ என்பது டெல்லித் தரப்பின் நியாயம். தெருவில் எல்லோரும் திண்ணையை இடித்துவிட்டார்கள் என்று தன் திண்ணையையும் இடித்தவர்கள்தான் நாம் எல்லோரும் என்பதால், இதைக் கேட்டுச் சிரிக்க நமக்கு உரிமை இல்லை.

தீர்ப்பு எழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். ஏழைக்கும் பின்தங்கிய பகுதிக்கும் கைகொடுக்கும் ஒதுக்கீட்டின் பக்கம் எப்போதும் நின்றவர் அவர். டெல்லி மாணவன் எந்த வகையில் பின்தங்கியவன் என்று அவருக்கு விளங்கவில்லை. படிப்பின் படி உயர உயர இப்படிப்பட்ட ஒதுக்கீடு சுருங்க வேண்டும், உச்சிப் படிப்புகளில் திறமைக்கே இடம் என்பது அவர் வாதத்தின் போக்கு.

1984-ல் பிரதீப் ஜெயின் வழக்கில் பி.என். பகவதி இன்னும் கணக்காக வரம்பு போட்டார். மேற்படிப்பில் ‘இந்த மாநிலத்துக்காரன்’ என்பதற்காக இடம் ஒதுக்கக் கூடாது. ‘இந்தக் கல்லூரிக்காரன்’ என்பதற்காக அதிகபட்சம் பாதி ஒதுக்கலாம். நரம்பு அறுவை சிகிச்சை, இதயம் போன்ற உயர் சிறப்புப் படிப்புகளில் அதுவும் கூடாது. நாற்பது வருடமாக நீதிமன்றங்கள் இந்தக் கோட்டைத்தான் கொஞ்சம் இழுத்தும் கொஞ்சம் விட்டும் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

கே: எய்ம்ஸிலேயே இது இருந்ததாமே? அங்கே படித்தவர்களுக்கு எதற்கு ஒதுக்கீடு?
(நீட் பயிற்சி மைய ஆசிரியர், நாமக்கல்)

நீங்கள் கேட்டதைத்தான் 2001-ல் உச்ச நீதிமன்றமும் கேட்டது. டெல்லி எய்ம்ஸ் தன் மேற்படிப்பு இடங்களில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது 33 சதவீதத்தை, தன் சொந்த எம்.பி.பி.எஸ். பட்டதாரிகளுக்கு ஒதுக்கியிருந்தது. போதாததற்கு ஒவ்வொரு துறையிலும் பாதி வரை அவர்களே எடுத்துக்கொள்ளலாம். நாட்டிலேயே கடினமான நுழைவுத் தேர்வில் ஜெயித்து உள்ளே போனவர்கள். மக்கள் பணத்தில், மிகச் சிறந்த ஆசிரியர்களிடம் படித்தவர்கள். அடுத்த தேர்வில் வெளியூர்க்காரர்களோடு நேருக்கு நேர் நிற்கச் சொன்னால் மட்டும் தனி வரிசை கேட்டார்கள். பட்டியலினத்து மாணவர்களைவிடக் குறைவான மதிப்பெண்ணில் சொந்தப் பிள்ளைகளுக்கு இடம் கிடைத்த கதையெல்லாம் அந்த வழக்கில் வெளிவந்தது. ‘ஒதுக்கீட்டால் தரம் போச்சு’ என்று பேசுபவர்கள் இந்த ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டை ரத்து செய்தது. கதை அங்கே முடிந்தது என்று நினைக்காதீர்கள். இரண்டே வருடத்தில், 2003-ல், சௌரப் சௌத்ரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, பாதி இடம் அகில இந்தியப் போட்டிக்கு, மீதிப் பாதியில் நிறுவன முன்னுரிமை இருக்கலாம் என்று சொல்லிவிட்டது.

கே: தலைமைப் பேராசிரியரின் மகனுக்கும் இதே விதிதானா?
(பெயர் வேண்டாம், சென்னை)

அது குடும்ப முன்னுரிமை. அதற்கு அரசாணை கிடையாது, வழக்கு கிடையாது, சதவீத வரம்பும் கிடையாது. அதனால்தான் அவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறது.

கே: 2025-ல் உச்ச நீதிமன்றம், மாநிலத்துக்காரர் என்பதற்காகப் பி.ஜி. இடம் ஒதுக்கக் கூடாது, கல்லூரிக்காரர் என்பதற்காக ஒதுக்கலாம் என்று சொல்லியிருக்கிறதே. பக்கத்து வீட்டுப் பையன் கூடாது, பக்கத்து பெஞ்சுப் பையன் பரவாயில்லையா?
(பயிற்சி மருத்துவர், திருநெல்வேலி)

தம்பி, பி.ஜி. கிடைக்காவிட்டால் பத்திரிகைக்கு வந்துவிடுங்கள்.

வழக்கு சண்டிகர் அரசு மருத்துவக் கல்லூரியைப் பற்றியது. அங்கே மாநிலப் பங்காக இருந்த மேற்படிப்பு இடங்கள் 64. அதில் 32 அந்தக் கல்லூரியில் படித்தவர்களுக்கு, 32 சண்டிகரில் வசிப்பவர்களுக்கு. 2025 ஜனவரி 29 அன்று தன்வி பெஹல் வழக்கில் மூன்று நீதிபதிகள் இரண்டாவது 32-ஐச் செல்லாது என்றார்கள். இந்தியாவில் வசிப்பிடம் என்பது ஒன்றுதான், நாம் எல்லோரும் இந்தியாவில் வசிப்பவர்கள், மாநிலத்துக்கு ஒரு வசிப்பிடம் கிடையாது என்பது காரணம். முதல் 32 பிழைத்துக்கொண்டது. ஏற்கெனவே சேர்ந்திருந்தவர்களையும் கலைக்கவில்லை.

எனக்கு இதில் ஒரு குடைச்சல். அரசுக் கல்லூரிகளின் எம்.பி.பி.எஸ். இடங்களில் 15 சதவீதம் அகில இந்தியாவுக்கு, 85 சதவீதம் அந்தந்த மாநிலத்துக்காரர்களுக்கு. ஆக, ஒரு கல்லூரியின் பட்டதாரிகள் என்றாலே பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள்தான். வாசல் வழியாக வரக் கூடாது என்று சொல்லப்பட்ட வசிப்பிடம், ‘கல்லூரி’ என்று சட்டையை மாற்றிக்கொண்டு கொல்லைப்புறமாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. நீதிபதிகளுக்கு இது தெரியாமல் இருக்காது. மாநில அரசு கோடிகளைக் கொட்டிக் கல்லூரி நடத்துகிறது, அதற்கு ஏதாவது ஒரு பிடி இருக்கட்டும் என்று 1984 முதல் விட்டுவைத்த சமரசம் இது. சமரசம் என்று சொல்லிவிட்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை. கொள்கை என்று சொன்னால்தான் இடிக்கிறது.

கே: ரேங்க், ரேங்க், ரேங்க். அது ஒன்றுதான் நியாயம். மற்றதெல்லாம் பித்தலாட்டம்!
(பொறியாளர், ஓசூர்)

இது கேள்வி இல்லை, கோஷம். இருந்தாலும் பதில் சொல்கிறேன். நீட் பி.ஜி.யில் 200 கேள்விகள், 800 மதிப்பெண். சரியான விடைக்கு 4, தப்பான விடைக்கு 1 கழியும். ஒரே ஒரு கேள்வியில் இரண்டு விடைகளுக்கு நடுவே திணறி, தப்பானதைத் தொட்டுவிட்டால் 5 மதிப்பெண் வித்தியாசம். கூட்டம் நெரியும் நடுப்பகுதியில் அந்த ஐந்து மதிப்பெண்ணுக்குள் எத்தனை பேர் நிற்பார்கள் என்று நீங்களே யோசியுங்கள். அவர்களில் முன்னால் நிற்பவர் ‘திறமைசாலி’, பின்னால் நிற்பவர் ‘தகுதியற்றவர்’ என்று தேர்வு நடத்துபவர்களேகூட நம்ப மாட்டார்கள்.

இன்னொன்று. 2023-ல் இடங்கள் காலியாகக் கிடந்தபோது கட் ஆஃபைப் பூஜ்யம் பர்சன்டைல் என்று இறக்கினார்கள். கழித்தலில் 40 மதிப்பெண் எடுத்தவரும் கலந்தாய்வுக்குத் தகுதி. திறமையின் காவலர்கள் அன்றைக்கு எங்கே போயிருந்தார்கள்?

இருந்தாலும் ரேங்க்கிடம் ஒரு நல்ல குணம் உண்டு. ‘நீ எந்தக் கல்லூரி? உன் அப்பா யார்?’ என்று அது கேட்காது. அதனால் நான் ரேங்க்கை முழுதாக நம்பாவிட்டாலும் கையை விடுவதில்லை.

கே: நம் மாநிலத்தில் அரசு டாக்டர்களுக்குப் பாதி பி.ஜி. இடம் கொடுக்கிறார்கள். அதுவும் சொந்தக்காரனுக்குப் பந்தி போடுவதுதானே?
(தனியார் மருத்துவர், ஈரோடு)

இல்லை டாக்டர். இங்கேதான் நான் உங்களோடு சண்டைக்கு வருகிறேன்.

கல்லூரி முன்னுரிமை, பதினெட்டு வயதில் எங்கே சேர்ந்தீர்கள் என்பதற்குத் தரப்படும் சலுகை. அரசுப் பணி ஒதுக்கீடு, அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்பதற்கு. மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருத்தர் மட்டும் டாக்டர். காலையில் சுகர், பி.பி. வரிசை, மத்தியானம் தடுப்பூசி, சாயங்காலம் பாம்புக்கடி, ராத்திரி பிரசவம். மூன்று வருடம் இப்படி ஓடுபவர், கோச்சிங் சென்டரில் பன்னிரண்டு மணி நேரம் உட்காருபவரோடு ஒரே தேர்வில் மோத வேண்டும் என்றால் அங்கே போக யார் முன்வருவார்கள்?

இந்த ஒதுக்கீடும் லேசில் நிலைக்கவில்லை. 2016-ல் உச்ச நீதிமன்றம், மத்திய விதிப்படி தனி ஒதுக்கீடு கூடாது, கடினமான பகுதியில் வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 10 சதவீதம் என 30 வரை ஊக்க மதிப்பெண் தரலாம், அவ்வளவுதான் என்றது. தமிழ்நாடு அரசு டாக்டர்கள் விடவில்லை. அவர்களுடைய சங்கம் போட்ட வழக்கில், 2020 ஆகஸ்ட் 31 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, இப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. அதே நவம்பரில் உயர் சிறப்புப் படிப்புகளிலும் பாதி இடம் அரசு டாக்டர்களுக்கு என்று மாநில அரசு ஆணை போட்டது. 2022-ல் அதற்கும் வழிவிட்டார்கள்.

ஒன்றே ஒன்று கேட்பேன். மக்கள் இடத்தில் படித்துவிட்டு பாண்டுத் தொகையைக் கட்டிவிட்டுத் தனியார் பக்கம் தாவுகிறவருக்கு இந்தச் சலுகை எதற்கு? பணத்தைக் கட்டினால் கணக்குத் தீர்ந்தது என்கிற ஷரத்தை எடுத்துவிட்டு, திரும்பி வந்து வேலை பார்த்தே தீர வேண்டும் என்று வைக்கட்டும்.

கே: வேலூர் சி.எம்.சி.?
(வங்கி ஊழியர், ராணிப்பேட்டை)

அவர்கள் பாணி தனி. திருச்சபைகள் பரிந்துரைத்து அனுப்பும் மாணவர்கள் படித்து முடித்ததும் எங்கோ ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் போய் வேலை பார்த்தாக வேண்டும். அதைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் காலத்து மனப்பான்மை அது. நீட் வேண்டாம், எங்கள் முறையிலேயே ஆள் எடுக்கிறோம் என்று வழக்காடிப் பார்த்தார்கள். 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நீட் எல்லோருக்கும் உண்டு என்றுவிட்டது. ஒரு கல்லூரி தன் பிள்ளைகளை முன்னால் நிறுத்திக் காட்டுக்கு அனுப்பினால், அந்த முன்னுரிமையை நான் குறை சொல்ல மாட்டேன். பந்தியில் உட்கார மட்டும் முன்னால் அனுப்பினால் சொல்வேன்.

கே: மொழி தெரியாத வெளிமாநில டாக்டரிடம் என் அம்மா பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லையே?
(டெய்லர், சேலம்)

நியாயமான கவலை. “எங்க வலிக்குது பாட்டி?” என்பதை மூன்று மாதத்தில் யாரும் கற்றுக்கொள்வார்கள். பாட்டி “நெஞ்சுல கவ்வுற மாதிரி இருக்கு, முதுகுக்குப் பாயுது, அப்புறம் ஒரு மாதிரியா வருது” என்று பதில் சொல்லும்போதுதான் சிக்கல். அந்த ‘ஒரு மாதிரி’யில் மாரடைப்பே இருக்கலாம்.

ஆனால் மொழிதான் வேண்டும் என்றால் மொழியைச் சோதியுங்கள். எதற்குக் கல்லூரியைச் சோதிக்க வேண்டும்? தமிழ்நாட்டு அரசுப் பணிக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்று ஏற்கெனவே நிபந்தனை இருக்கிறது. அதேபோல பி.ஜி.க்கு வருபவர்களுக்கும் முதல் ஆறு மாதத்தில் பேச்சுத் தமிழ்த் தேர்வு ஒன்று வைக்கட்டும், அதுவும் ஒரு பாட்டியை எதிரே உட்கார வைத்து! தமிழ் தெரிந்த ராஜஸ்தான்காரரும் இருக்கிறார், தமிழ்நாட்டுக் கல்லூரியில் படித்தும் பாட்டி பேச்சு புரியாத நகரத்துப் பிள்ளையும் இருக்கிறார்.

கே: புதுக் கல்லூரி மாணவர்கள் நாங்கள். ஒவ்வொரு கல்லூரியும் தன் பிள்ளைகளுக்கே முன்னுரிமை என்றால் எங்கள் கதி?
(மருத்துவ மாணவர்கள், அரியலூர்)

இந்த விவாதத்தில் யாரும் தொடாத இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். சென்னை மருத்துவக் கல்லூரி 1835-ல் தொடங்கியது. அங்கே எல்லாத் துறையிலும் பி.ஜி. இடம். உங்களுடையது 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறந்த பதினொரு அரசுக் கல்லூரிகளில் ஒன்று. அரியலூர், கள்ளக்குறிச்சி, நாகப்பட்டினம், ராமநாதபுரம், விருதுநகர், நீலகிரி என்று நீளும் பட்டியல். கல்லூரிவாரியாகப் பந்தி போட்டால் பழைய கல்லூரிப் பிள்ளைக்குத் தலைவாழை இலை. உங்களுக்கு உங்கள் வீட்டில் அடுப்பே பற்றவைக்கவில்லை.

நிறுவன முன்னுரிமையின் அசல் கோளாறு இதுதான். ஏற்கெனவே இருப்பவனுக்கே அது மேலும் கொடுக்கும். தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரிகள் எல்லாம் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் என்ற ஒரே குடையின் கீழ் 1988 முதல் இருப்பதால், கல்லூரிச் சுவரை மாநிலச் சுவராக விரித்துப் பார்க்கிற வழக்கம் இங்கே இருக்கிறது. அந்த வழக்கத்தை விட்டுவிடாதீர்கள். ‘அவரவர் கல்லூரிக்கு அவரவர் பிள்ளை’ என்று எந்தச் சங்கமாவது கோரிக்கை வைத்தால் முதல் ஆட்சேபம் அரியலூரிலிருந்து போகட்டும்.

கே: ஆசிரியர் நியமனத்தில்தான் அநியாயம் அதிகம். விளம்பரம் வரும்போதே யாருக்கு என்று எல்லோருக்கும் தெரிகிறது. இதை ஏன் எழுதவில்லை?
(உதவிப் பேராசிரியர் பதவிக்கு மூன்று முறை நேர்முகம் போனவர், திருச்சி)

எழுதுகிறேன். எழுதிவைத்த முன்னுரிமையைக் கோர்ட்டில் நிறுத்தலாம். எழுதாத முன்னுரிமைக்கு முகமே கிடையாது. ஒரு பதவி, மூன்று வருட அனுபவம் என்று விளம்பரம். கூடவே ‘இன்ன கருவியில் பயிற்சி விரும்பத்தக்கது’ என்று ஒரு வரி. அந்தக் கருவி அந்த ஆஸ்பத்திரியில்தான் இருக்கும். அதை இயக்குபவர் அந்தத் துறையில் ஏற்கெனவே தற்காலிகமாக இருப்பார். விதி மீறல் எதுவும் இல்லை, எல்லாம் சுத்தம்.

பிறகு நேர்முகம். 1980-ல் அஜய் ஹாசியா வழக்கு என்று ஒன்று, ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரிச் சேர்க்கையைப் பற்றியது. எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்முகத்துக்கு 50. ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடம்கூடப் பேசவில்லை. மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணை இப்படி வாரிக் கொடுப்பது தன்னிச்சை, 15 சதவீதத்துக்கு மேல் நேர்முகத்துக்குக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். வேலை நியமனத்துக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. அனுபவசாலியைப் பேசிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஆனால் பேசியதைப் பதிவு செய்யலாம், யார் எதற்கு எவ்வளவு போட்டார் என்று எழுதி வைக்கலாம், குழுவில் பாதிப் பேர் வெளி நிறுவனத்தவராக இருக்கலாம். அறுவை அரங்கத்தில்கூட இப்போது கேமரா வைக்கிறார்கள். நேர்முக அறையில் மட்டும் ஏன் இல்லை?

கே: வெளிநாட்டில் எப்படி?
(கணினி ஊழியர், பெங்களூரு)

ஜெர்மனியைப் பாருங்கள், தலைகீழ். ஒரு பல்கலைக்கழகத்தில் வளர்ந்தவர் அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நாற்காலியில் உட்காருவது அங்கே சாதாரணமாக நடக்காது. நெடுங்கால வழக்கமும் மாநிலச் சட்டங்களும் குறுக்கே நிற்கின்றன. விதிவிலக்குக்குத் தனிக் காரணம் காட்ட வேண்டும். ‘வெளியே போய் உன்னைக் காட்டிவிட்டு வா’ என்பது எண்ணம். பெரிய டாக்டரின் பெட்டியைத் தூக்கிக்கொண்டே இருந்தால் போதும், ஒருநாள் நாற்காலி நமக்குத்தான் என்று காத்திருக்க முடியாது.

ஜப்பான் அதற்கு நேர் எதிர். பல்கலைக்கழகத் துறைத் தலைவர் அங்கே குறுநில மன்னர். யாமசாகி தோயோகோ 1960-களில் எழுதிய ‘ஷிரோய் க்யோதோ’ நாவலில் ஒரு பெரிய பகுதி, மருத்துவப் பேராசிரியர் பதவிக்கு உள்ளூர் ஆளா வெளியாளா என்று நடக்கும் வாக்கு வேட்டைதான். இந்த மன்னராட்சியை உடைக்க 2004-ல் இளம் டாக்டர்களுக்கு இரண்டு வருடக் கட்டாயப் பயிற்சியும், நாடு தழுவிய முறையில் அவரவர் விரும்பும் ஆஸ்பத்திரியில் சேரும் வழியும் கொண்டுவந்தார்கள். இளைஞர்கள் பல்கலைக்கழக ஆஸ்பத்திரிகளை விட்டு நகரத்துப் பொது ஆஸ்பத்திரிகளுக்குப் போனார்கள். நல்லதுதானே? கிராமத்து ஆஸ்பத்திரிகளுக்கு அதுவரை டாக்டர் அனுப்பிக்கொண்டிருந்தது அந்தக் குறுநில மன்னர்கள்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது. அனுப்ப ஆள் இல்லாமல் அவர்கள் ஏற்கெனவே அனுப்பியவர்களையும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். முன்னுரிமையை ஒழிக்கச் சொல்லும் என் போன்றவர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது.

கே: பேசாமல் குலுக்கல் போட்டுவிட்டால் என்ன?
(மளிகைக் கடைக்காரர், விழுப்புரம்)

கிண்டலாகக் கேட்கிறீர்கள். பிரிட்டனில் கிட்டத்தட்ட அதைத்தான் செய்கிறார்கள். புதிதாகப் பட்டம் பெறுபவர்களுக்கு முதல் இரண்டு வருடப் பணியிடம் ஒதுக்க, முன்பு கல்லூரி மதிப்பீடும் ஒரு தேர்வும் இருந்தன. 2024 முதல் கணினி தன்னிச்சையாக ஒரு வரிசை எண் தருகிறது. கூடியவரை அவரவர் முதல் விருப்பம் கிடைக்கும்படி பார்க்கிறார்கள். எல்லோருக்கும் ஏதாவது ஓர் இடம் கிடைக்கும் என்றால் குலுக்கல் வலிக்காது. நம் ஊரில் பாதிப் பேருக்கு இலையே கிடையாது என்ற நிலையில் குலுக்கல் போட்டால் மண்டபத்தைக் கொளுத்திவிடுவார்கள்.

கே: மாவட்ட ஆஸ்பத்திரியில் பதினைந்து வருஷமாக அறுவை சிகிச்சை செய்கிறேன். கற்றுக்கொடுக்கத் தகுதி இல்லையாம், ஏனென்றால் நான் கல்லூரிக்கு ‘வெளியாள்’. இது மாறுமா?
(அரசு மருத்துவர், பெயர் வேண்டாம்)

கொஞ்சம் மாறியிருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையம் 2025-ல் கொண்டுவந்த விதிப்படி 220 படுக்கைக்கு மேல் உள்ள அரசு ஆஸ்பத்திரியில் பத்து வருடம் வேலை பார்த்த முதுநிலைப் பட்டதாரி, இணைப் பேராசிரியர் ஆகலாம். இரண்டு வருடம் என்றால் உதவிப் பேராசிரியர், கூடவே ஆராய்ச்சி அடிப்படைப் பயிற்சி ஒன்றை முடிக்க வேண்டும். ‘தரம் போச்சு’ என்று கல்லூரிக்குள்ளிருந்து முணுமுணுப்பு கேட்கிறது. குடல்வால் வெடித்து வந்தவர்களை ஆயிரக்கணக்கில் பார்த்த கை, அதை ஸ்லைடில் மட்டும் காட்டும் கையைவிடக் குறைவாகக் கற்றுக்கொடுக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. விண்ணப்பம் போடுங்கள் டாக்டர்.

கே: என் மகளைவிட ரேங்க் குறைந்த பெண்ணுக்கு ‘எங்க காலேஜ்’ என்று குழந்தை மருத்துவம் கிடைத்துவிட்டது. மகள் சாப்பிடவே இல்லை. கோர்ட்டுக்குப் போகலாமா?
(ஒரு தாய், கரூர்)

முதலில் பெண்ணைச் சாப்பிட வையுங்கள் அம்மா.

பிறகு சேர்க்கைக் கையேட்டை எடுத்துப் பாருங்கள். முன்னுரிமை எத்தனை இடத்துக்கு, எந்தத் துறையில் என்று தேர்வுக்கு முன்பே அச்சில் இருந்தால், பாதிக்கு மேல் போகாமலும் இருந்தால், வழக்கில் நிற்பது கஷ்டம். மனது ஏற்காது, சட்டம் ஏற்கும். கையேட்டில் இல்லாமல் நடுவில் நுழைத்திருந்தால் வக்கீலைப் பாருங்கள். வேலைத் தேர்வுகளில் ஆட்டம் தொடங்கிய பின் விதியை மாற்றக் கூடாது என்று 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதியாகச் சொல்லியிருக்கிறது. சேர்க்கைக்கும் அந்த வாதத்தை வக்கீல் எடுத்து வைக்கலாம். ஒதுக்கீட்டுப் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்க இன்றைக்கே மனுப் போடுங்கள். அடுத்த சுற்றுக் கலந்தாய்வை மட்டும் கோபத்தில் தவறவிட்டுவிடாதீர்கள், பலருக்கு இடம் அங்கேதான் கிடைக்கிறது.

கே: சுற்றி வளைக்காமல் சொல்லும். நீர் ஆதரவா, எதிர்ப்பா?
(ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்)

ஐயா பிரம்பை எடுத்துவிட்டார். இதோ. சுவர் எழுப்பும் ஒதுக்கீட்டுக்கு எதிர்ப்பு. இருவர் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்ணில் நின்றால், ஐந்தரை வருடம் அந்த வார்டில் உழைத்து நல்ல பெயர் எடுத்தவரை எடுங்கள் என்பதற்கு ஆதரவு. அந்த நல்ல பெயர் முன்கூட்டியே மதிப்பெண்ணாக எழுதப்பட்டிருக்க வேண்டும். கிராமத்தில் உழைத்தவருக்கு அதைவிடக் கூடுதலாகக் கொடுங்கள். உயர் சிறப்புப் படிப்பில் கல்லூரிப் பாசம் வேண்டவே வேண்டாம். ஆசிரியர் நியமனத்தில் ஜெர்மன்காரர்களை முழுதாகப் பின்பற்ற வேண்டாம், ஒரு மூன்று வருடமாவது வெளியே போய்விட்டு வரச் சொல்லலாம். போதுமா ஐயா, பெஞ்சு மேலிருந்து இறங்கலாமா?

கே: நாளைக்கே உங்களுக்கு ஓர் ஆபரேஷன் என்றால், வீட்டுப் பிள்ளை டாக்டரைத் தேடுவீர்களா, வெளியிலிருந்து வந்தவரையா?
(மருத்துவப் பிரதிநிதி, திண்டுக்கல்)

முந்தின ராத்திரி நைட் டியூட்டி பார்க்காதவரை.